புது கிரைண்டர் பாகம்: கண்காட்சியில் வைக்கும் முன் காப்புரிமைக்குப் போட வேண்டுமா?

கணபதி லேத்

வணக்கமுங்க. கோவை கணபதியில சின்னப் பட்டறை வச்சிருக்கேன். கம்பெனிகளுக்கு வெட் கிரைண்டர் பாகம் ஜாப் ஒர்க் பண்ணித் தர்றோம். எங்க பேர்லயும் கொஞ்சம் டேபிள்டாப் கிரைண்டர் போகுது.

டேபிள்டாப் வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். உருளைக்கல்லுக்கு நடுவுல, கல்லு சுத்துறதுக்குப் போட்டிருக்கிற புஷ்ஷுங்கிற குழலுக்குள்ள மாவு இறங்கிடும். எவ்வளவு கழுவினாலும் உள்ள இருக்கிறது வராது, மறுநாள் மூடியைத் திறந்தா புளிச்ச வாடை அடிக்கும். நாளாக நாளாக புஷ் தேஞ்சு கல்லு ஆட ஆரம்பிக்கும், மாவுல சாம்பல் நிறத்துல ஒரு கோடு ஓடும். சர்வீஸுக்கு வர்ற மிஷின்ல பெரும்பாலும் இதே கம்ப்ளெயிண்ட்தானுங்க.

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். மாவு உள்ள போகாது, ஸ்பானர் இல்லாம கையாலயே கழட்டிக் கழுவலாம். தெரிஞ்ச மெஸ் ஒண்ணுல ரெண்டு மிஷின் ஓட விட்டுப் பார்த்தாச்சு, நல்லா ஓடுது. அடுத்து கொடிசியா கண்காட்சியில ஸ்டால் போடலாம்னு இருக்கேன். காப்புரிமைக்குப் போடணுமா, இல்ல நேரா சந்தைக்குப் போயிடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை மெஸ்

அண்ணே, நீங்க சொல்ற சாம்பல் கோடு எங்க கடையில தினப்படிப் பாடு. அதைப் பார்த்துட்டு மாவையே கீழே கொட்டின நாளெல்லாம் உண்டு. எப்படிப் பண்ணியிருக்கீங்கன்னு ஒரு போட்டோ போடுங்களேன், பார்ப்போம்.

காப்புரிமை முகவர், சென்னை

கணபதி லேத் ஐயா, தயவுசெய்து போட்டோ போடாதீர்கள். உள்ளமைப்பைப் பற்றி ஒரு வரிகூட இங்கே எழுதாதீர்கள். மதுரைக்காரர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் இது யார் வேண்டுமானாலும் படிக்கும் பொது இடம். விண்ணப்பம் போடுவதற்கு முன் பொதுவில் வெளியான எதுவும் 'புதியது' என்ற தகுதியை இழந்துவிடும். நீங்களே வெளியிட்டிருந்தாலும் அதே கதிதான். உங்கள் போட்டோவை உங்கள் விண்ணப்பத்துக்கு எதிராகவே எடுத்து வைப்பார்கள்.

கண்காட்சிக்கும் இது பொருந்தும். கண்காட்சியில் காட்டிய பிறகு 12 மாதம் அவகாசம் உண்டு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் அந்தச் சலுகை, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான். ஊரில் நடக்கும் எல்லாத் தொழில் கண்காட்சியும் அதில் வராது. அதை நம்பி ஸ்டால் போட வேண்டாம்.

மெஸ்ஸில் ஓடும் இரண்டு மிஷின்கள் பற்றி ஒரு கேள்வி. பில் போட்டு விற்றீர்களா, சோதனைக்குக் கொடுத்தீர்களா? சோதனைக்குத்தான் என்றால் கடைக்காரரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்: இது பரிசோதனைக்குத் தந்த இயந்திரம், வெளியாருக்குத் திறந்து காட்ட மாட்டேன் என்று. பொதுவில் ஓட்டித்தான் சோதிக்க முடியும் என்கிற பொருளுக்கு 32-ஆம் பிரிவில் ஓராண்டு வரை விலக்கு இருக்கிறது. ஆனால் பின்னாளில் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். காகிதம் இருந்தால் வேலை சுலபம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்டக் குறிப்போடு, ஒரு விண்ணப்பம் போடுவது. முழு வரைபடமும், எதெல்லாம் உங்கள் உரிமை என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்களும் தயாராக இருக்க வேண்டியதில்லை. என்ன சிக்கல், அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று தெளிவாக எழுதி, கையால் போட்ட படத்தோடு கொடுத்தாலும், 'நான்தான் முதலில்' என்று சொல்வதற்கான தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும். அடுத்த 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நேரில் வர வேண்டாம், எல்லாம் ஆன்லைன்தான்.

அவிநாசி ரோடு

முகவர் அண்ணன் சொல்றது சட்டம். நான் சொல்றது தொழில். சின்னப் பட்டறைக்காரர் காப்புரிமை வாங்கி என்ன பண்ணுவார்? காப்பியடிச்சவனைப் போலீஸ் பிடிக்காது. இது சிவில் வழக்கு, நாமதான் வக்கீல் வச்சு அலையணும்.

பஜாஜ் - டிவிஎஸ் வழக்கைப் பாருங்க. சின்ன இன்ஜின்ல ரெண்டு ஸ்பார்க் பிளக் வைக்கிற டிடிஎஸ்-ஐ நுட்பத்துக்கு பஜாஜ் 2002-ல விண்ணப்பம் போட்டு 2005-ல காப்புரிமை வாங்குச்சு. 2007-ல டிவிஎஸ் ஃபிளேம்னு 125 சிசி வண்டியை அறிவிச்சதும் சென்னை உயர் நீதிமன்றத்துல சண்டை ஆரம்பம். 2008 பிப்ரவரியில தடை. 2009 மே மாசம் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்குச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம், வண்டியை விற்கலாம், கணக்கு வச்சுக்கோன்னு சொல்லிடுச்சு. கடைசியில 2019-ல ரெண்டு பேரும் சமாதானமாப் போனாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே 12 வருஷம். நமக்கு?

நம்ம ஊர் முருகானந்தம் ஐயா நாப்கின் மிஷினைப் பெரிய கம்பெனிக்குக் கொடுக்க மாட்டேன்னு சொல்லி, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே வித்தார். 2016-ல பத்மஸ்ரீ வந்துச்சு. யாரையும் தடுக்காமலே அந்த மிஷின் ஊர் ஊராப் போச்சு. வேகமா சந்தைக்குப் போய் பேர் வாங்குறதுதான் நமக்குப் பாதுகாப்பு. மத்தவன் டை (வார்ப்பு அச்சு) போட்டு முடிக்கிறதுக்குள்ள நாம அடுத்த மாடல் விட்டுடணும்.

காப்புரிமை முகவர், சென்னை

தேதிகள் சரி. ஆனால் அந்த வழக்கை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தடை இருந்த காலத்தில் டிவிஎஸ் ஃபிளேமை ஒற்றை பிளக்கோடு மாற்றித்தான் சந்தைக்கு விட வேண்டியிருந்தது. புதிய மாடலுக்கு முதல் வருடம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறுதித் தீர்ப்பு வராமலேயே அந்தக் காப்புரிமை தன் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிட்டது. இன்னொன்று, அறிவுசார் சொத்து வழக்குகளை நாள்தோறும் நடத்தி விரைவில் முடிக்க வேண்டும் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த 2009 உத்தரவில்தான்.

முருகானந்தம் ஐயாவின் முடிவு உயர்ந்த முடிவு. அது அவர் எடுத்த முடிவு என்பதைக் கவனியுங்கள். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று சொல்லும் இடத்தில் அவர் இருந்தார். கணபதி ஐயாவும் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பிறகு அவர் யாருக்கு வேண்டுமானாலும் இலவசமாகக்கூடக் கொடுக்கட்டும்.

ஓசூர் டூல்ரூம்

ரெண்டு பேர் வாதத்துக்கும் முன்னால ஒரு கேள்வி இருக்கு. அந்தப் பாகம் காப்புரிமைக்குத் தாங்குமா? பட்டறைக்காரங்க எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய ஒரு பழைய வழக்கு இருக்கு, அதைச் சொல்றேன்.

பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரங்களை லேத்துல மாட்டி மெருகு போடுற தொழில். பழைய முறையில பாத்திரத்தை ஹெட்ஸ்டாக் பக்கம், அதாவது லேத்தோட சுத்துற முனைப் பக்கம், ஒரு அடாப்டர்ல மாட்டிச் சுத்த விடுவாங்க. வேகம் ஏறினா பாத்திரம் பிடியை விட்டுப் பறக்கும், வேலை பார்க்கிறவன் மேல பட்டாலும் பட்டதுதான். ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு நிறுவனம், எதிர் முனையில இருக்கிற டெயில்ஸ்டாக்ல இருந்து பிரஷர் ஸ்பிண்டில்ங்கிற தண்டால பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கிற மாதிரி பண்ணுச்சு. பறக்கிற ஆபத்து போச்சு, வேகம் கூடுச்சு, மெருகும் நல்லா வந்துச்சு. 1951-ல காப்புரிமைக்குப் போட்டு வாங்கியும் வச்சிருந்தாங்க.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1978-ல தீர்ப்பு வந்துச்சு. காப்புரிமை செல்லாது! வேலைக்கு உதவுச்சுங்கிறதுல சந்தேகமில்ல. ஆனா லேத்துல டெயில்ஸ்டாக்கால அழுத்திப் பிடிக்கிறது ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம், அதைப் பாத்திரத்துக்குக் கொண்டு வந்தது சாதாரணப் பட்டறை மேம்பாடுதான், கண்டுபிடிப்புன்னா அதைவிடக் கூடுதலா ஏதாவது இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பிஸ்வநாத் பிரசாத் வழக்குன்னு சொல்வாங்க. இன்னைக்கும் இயந்திரக் காப்புரிமை வழக்குன்னா இதை எடுக்காம பேச மாட்டாங்க.

இப்ப இருக்கிற சட்டத்துல 3-ஆம் பிரிவு எஃப் உட்பிரிவும் இதே திசையிலதான் இருக்கு. தெரிஞ்ச கருவிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒவ்வொண்ணும் தன் பழைய வேலையையே தனித்தனியாச் செஞ்சா அது கண்டுபிடிப்பு இல்ல. கணபதி அண்ணா, உங்க பாகம் கடையில கிடைக்கிற ஆயில் சீலும் (கசிவைத் தடுக்கிற வளையம்) கிளிப்பும் சேர்ந்ததா, இல்ல ரெண்டும் சேர்றதுல புதுசா ஒரு வேலை நடக்குதா? பதிலை இங்க எழுத வேண்டாம், உங்களுக்குள்ள கேட்டுப் பாருங்க. இந்தத் தொழில்ல இருக்கிற இன்னொரு நல்ல மெக்கானிக்கிட்ட பிரச்சினையை மட்டும் சொன்னா, அவரும் ஒரு வாரத்துல இதே வழிக்கு வந்துடுவாரா? வந்துடுவார்னா ரொம்பக் கஷ்டம்.

கணபதி லேத்

டூல்ரூம் அண்ணா, கையெடுத்துக் கும்பிடுறேன். லேத்துல நிக்கிறவனுக்குப் புரியிற மாதிரி இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க.

நானும் முதல்ல சீல் போட்டுத்தான் பார்த்தேன். அரிசி மாவுக்குத் தாங்குது, உளுந்து அரைக்கும்போது அந்த வழவழப்பு உள்ள ஏறிடுது. அதனாலதான் சீல் யோசனையையே விட்டுட்டேன். இப்ப இருக்கிறது வேற வழி. மாவைத் தடுத்து நிறுத்தப் பார்க்கல, இதுக்கு மேல சொல்ல மாட்டேனுங்க. இத்தனை வருஷமா இந்த லைன்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட மெஸ்ஸுல ஓடுறதைக் காட்டினப்ப, கல்லைக் கழட்டிப் பார்க்கிற வரைக்கும் அவருக்குப் புரியல. அவர் என் சொந்தத் தாய்மாமா, வெளிய போகாது.

அப்புறம், மெஸ்ஸுல பில் போடலீங்க. சோதனைக்குன்னுதான் கொடுத்தது. இன்னைக்கே எழுதி வாங்கிடறேன்.

காப்புரிமை முகவர், சென்னை

எல்லாரும் போகிற வழி சீல், அது உளுந்தில் தோற்கிறது, நீங்கள் எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள். உங்கள் விவரக்குறிப்பின் உயிர்நாடியே இதுதான். அரிசிக்கும் உளுந்துக்கும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்த விவரம், எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மாவு உள்ளே போனது, பழைய புஷ் எவ்வளவு தேய்ந்தது, புதியது எவ்வளவு, எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் 'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே' என்று கேட்பார். கேட்காத பரிசோதகர் அபூர்வம். அப்போது இந்த நோட்டுதான் பேசும்.

அதற்கு முன் தேடிப் பாருங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இலவசமாகத் தேடலாம். வெட் கிரைண்டர் என்று மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். சேற்றில் ஓடும் பம்ப், உணவுத் தொழிற்சாலை மிக்சர் என்று இதே சிக்கல் எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் பாருங்கள்.

சிங்காநல்லூர் ஃபவுண்டரி

நான் இந்தத் தொழிலில் வயசானவன். தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். வெளியிலிருந்து வருகிற எதிரியைவிட, நாம் வேலை செய்யக் கொடுக்கிற இடத்தில்தான் கசிவு அதிகம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பம்ப் இம்பெல்லருக்கு (உள்ளே சுற்றும் சக்கரம்) நானே வளைவு மாற்றி மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, செய்தேன். அதை டை போடக் கொடுத்த இடத்தில், என் டை கைக்கு வருவதற்குள் அதே வளைவில் இன்னொருவருக்குக் காஸ்டிங் போய்விட்டது. அந்த வளைவில் என் பேட்டர்னில் விழுந்த சின்ன உளிக் குறிகூட அவன் காஸ்டிங்கில் அப்படியே இருந்தது. கேட்டால், 'அவரும் இதே மாதிரிதான் கேட்டார்' என்றார்கள். கையில் ஒரு காகிதம் கிடையாது, வாய்ப்பேச்சு மட்டும்தான். அந்தக் காலத்தில் அப்படித்தான் தொழில் நடந்தது.

அதற்குப் பிறகு ஒரு பாகத்தை முழுதாக ஒரே இடத்தில் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு துண்டு ஒரு பட்டறையில், மறு துண்டு வேறு ஊரில், பொருத்துவது என் இடத்தில். டிராயிங்கில் கம்பெனி பேர் போடுவதில்லை, எந்த மிஷினுக்கு என்றும் எழுதுவதில்லை, பார்ட் நம்பர் மட்டும். டையும் பேட்டர்னும் என் சொத்து, நகல் எடுக்கக் கூடாது, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அச்சடித்திருக்கிறேன். நல்ல டைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

கரூர் பொடி

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் இட்லிப் பொடி, பருப்புப் பொடி போட்டு விக்கிறேன். வறுக்கிற சூடும் பக்குவமும்தான் என் பொடியோட ருசி. வேலைக்கு இருந்த ஒரு பொண்ணு நின்னுட்டு, ரெண்டு தெரு தள்ளிப் பொடி போட ஆரம்பிச்சிருக்கு. இனிமே யாரும் அப்படிப் பண்ணக் கூடாதுன்னா பக்குவத்துக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

காப்புரிமை முகவர், சென்னை

அம்மா, வாங்க முடிந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காப்புரிமை என்றால் செய்முறையை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். 18 மாதத்தில் அது உலகம் பார்க்க வெளியாகும். 20 வருடம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கழட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் பொருளுக்குக் காப்புரிமை சரி. கணபதி ஐயாவின் பாகம் அந்த வகை. முதல் மிஷின் விற்ற அன்றே ரகசியம் போய்விடும். உங்கள் பொடியைத் தின்று பார்த்து வறுத்த சூட்டைச் சொல்ல முடியாது. அது ரகசியமாக இருப்பதே நல்லது.

நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கென்று தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தத்தை வைத்துத்தான் போராட வேண்டும். அதிலும் 'இங்கிருந்து போனபின் நீ பொடித் தொழிலே செய்யக் கூடாது' என்று எழுதி வாங்கினால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அது செல்லாது. அந்தப் பெண் பிழைக்க உரிமை உண்டு. 'இங்கே கற்ற இந்தக் கலவை அளவை வெளியில் பயன்படுத்த மாட்டேன்' என்று எழுதி வாங்கலாம். அதைவிட உறுதியான வழி, மசாலா அளவை ஒருவரும் வறுப்பதை இன்னொருவரும் பார்த்துக்கொள்வது. ஃபவுண்டரி ஐயா சொன்ன அதே முறை. கூடவே பெயருக்கு வணிகக்குறி பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது.

அவிநாசி ரோடு

சரி, கழட்டினா தெரிஞ்சிடும்கிறதை ஒத்துக்கறேன். செலவைச் சொல்லுங்க. லட்சக்கணக்குல ஆகும்னுதானே எல்லாரும் பயப்படறாங்க?

காப்புரிமை முகவர், சென்னை

அரசுக் கட்டணம் அவ்வளவு இல்லை. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு விண்ணப்பம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு 8,000. பரிசோதனைக் கோரிக்கை 4,000. முதல் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் இதைக் கேட்டாக வேண்டும், முன்பு 48 மாதம் இருந்தது, 2024 விதித் திருத்தத்தில் குறைத்துவிட்டார்கள். அவசரம் என்றால் சிறு நிறுவனங்கள் 8,000 கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம். சிறு தொழில் பதிவான உதயம் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை கிடைத்தபின் ஆண்டுக் கட்டணம் உண்டு, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் வருடம் முதல். தொடக்கத்தில் வருடம் 800, போகப் போக ஏறி கடைசி வருடங்களில் 8,000. கட்ட மறந்தால் உரிமை காலாவதி.

உண்மையான செலவு எழுதுகிறவரின் கட்டணம்தான், அது ஆளுக்கு ஆள் மாறும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். உரிமைக்கோரலில் ஒரு சொல் குறுகினாலும் பக்கத்துப் பட்டறைக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். காப்புரிமை கிடைத்த பிறகு மத்திய குறு சிறு நடுத்தரத் தொழில் அமைச்சகத் திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை திரும்பப் பெற வழி இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஓசூர் டூல்ரூம்

டிசைன் பதிவையும் சொல்லிடுங்க. கிரைண்டரோட வெளித்தோற்றம் புதுசா இருந்தா 2000-ஆம் வருஷ வடிவமைப்புச் சட்டத்துல பதியலாம், முதல்ல 10 வருஷம், அப்புறம் 5. செலவு குறைவு, சீக்கிரம் கிடைக்கும். ஆனா உருவத்துக்கு மட்டும்தான், உள்ள எப்படி வேலை செய்யுதுங்கிறதுக்குக் கிடையாது. இதுக்கும் வெளியில காட்டுறதுக்கு முன்னாடி போட்டாகணும்.

சிங்காநல்லூர் ஃபவுண்டரி

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது ஊருக்குக் கிடைத்த பாதுகாப்பு. இந்த ஊர்க் கல்லுக்கும் கைவேலைக்கும் கிடைத்த மரியாதை. வேறு ஊரில் செய்து கோயம்புத்தூர் பேரை ஒட்டுகிறவனைத் தடுக்கும். பக்கத்துத் தெருக்காரன் தம்பியின் பாகத்தைக் காப்பியடித்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கணபதி லேத்

எல்லாருக்கும் நன்றிங்க. மெஸ்ஸுல எழுதி வாங்கிட்டேன். தேடினதுல ரெண்டு பழைய விண்ணப்பம் பக்கத்துல வந்துச்சு, ரெண்டுமே சீல் வகை. தற்காலிக விவரக்குறிப்பு போட்டு விண்ணப்ப எண்ணும் வந்தாச்சு. பேருக்கு வணிகக்குறியும் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. ஸ்டால்ல மிஷின் மேல 'பேட்டன்ட்' அப்படின்னு ஸ்டிக்கர் ஒட்டலாமா? மலேசியாவுக்குக் கொஞ்சம் மிஷின் அனுப்புற ஒருத்தர் கேட்டிருக்கார், அங்கயும் இது செல்லுமா?

காப்புரிமை முகவர், சென்னை

வாழ்த்துகள். 'பேட்டன்ட்' என்று ஒட்டாதீர்கள். இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொன்னால் 120-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். 'காப்புரிமை விண்ணப்பம் நிலுவையில்' என்று போடுங்கள், அது உண்மை.

மலேசியாவில் இது செல்லாது. காப்புரிமை அந்தந்த நாட்டோடு நின்றுவிடும். உங்கள் முதல் தேதியை வைத்துக்கொண்டு 12 மாதத்துக்குள் அங்கே போடலாம், அல்லது பல நாடுகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போடும் பிசிடி என்ற சர்வதேச ஒப்பந்தம் வழியாகப் போட்டு முடிவெடுக்க 30 மாதம் வரை வாங்கலாம். ஏற்றுமதி எவ்வளவு போகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாலைந்து மிஷினுக்காக அந்தச் செலவு செய்ய வேண்டாம்.

கண்காட்சியில் மிஷினை ஓட்டிக் காட்டுங்கள், கழட்டிக் கழுவுவதையும் காட்டுங்கள். ஆனால் விண்ணப்பத்தில் எழுதாத எதையும் காட்டாதீர்கள். வருகிறவர்கள் 'இதை இப்படி மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும்' என்பார்கள், நீங்களும் மாற்றுவீர்கள். அப்படிச் சேர்க்கிற புதுப் பகுதிக்கு உங்கள் பழைய தேதி கிடைக்காது, முழு விவரக்குறிப்பு கொடுக்கும் தேதிதான். மாற்றம் பெரிதாகத் தெரிந்தால் அதை வெளியில் ஓட்டுவதற்கு முன் இன்னொரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே முழு விண்ணப்பமாகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.